இறாலுக்கு ஓட்டு கிடையாது

செந்தில்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று அப்புறம் மெசேஜ் போட்டேனே, அது பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் நான் என்னென்ன பேசுவேன் என்று உனக்கே தெரியும். உன் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சு வேண்டாமே என்றுதான் வைத்தேன். எனக்குக் கல்யாணமாகும் முன் வில்லியனூரில் வக்கீல் ஆபீசில் டைப் அடித்த கை இது. எனக்கு வாயைவிடக் கைதான் நிதானம். அதனால் எழுதுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடிந்து வந்ததும் படுத்துக்கொண்டே படிக்காதே. பாதியில் தூங்கிவிடுவாய். எழுந்து உட்கார்ந்து படி.

நீ சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகத்தான் கேட்டேனா என்று பார். "ஊரே ஒரு பக்கம் நிக்குது, நீ மட்டும் ஒரு பக்கம் நிக்கற. ஜனநாயகம்னா மெஜாரிட்டிதானேம்மா? நம்ம ஊரக் கண்ணால பார்க்காத ஜட்ஜு எப்படிம்மா வேணாம்னு சொல்லலாம்? கேசை வாபஸ் வாங்கிடு. என் கல்யாணத்துக்கு ஊர் வரணும்." இவ்வளவுதானே? இதில் முட்டாள்தனமான கேள்வி ஒன்றுகூட இல்லை. எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணமே அதுதான். இதே கேள்விகளை அடுப்படியில் நின்று நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நான் கேட்டால் பரவாயில்லை, என் பிள்ளை கேட்டபோது சுருக்கென்று இருந்தது.

உனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஓட்டு ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். காலையில் பல் துலக்கியதும் நம் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, "இன்னிக்கு இன்னா செய்யலாம், கை தூக்குங்க" என்பார். நான்தான் சமைக்கிறவள் என்றாலும் எனக்கும் ஒரு கைதான். நல்லவாட்டிலிருந்து மீன்காரம்மா வண்டியில் வருவாளே, அவள் கூடையில் இறால் இருந்தால் உனக்கும் அப்பாவுக்கும் கை தானாக மேலே போகும். எனக்கும் இறால் பிடிக்கும், நானும் தூக்குவேன். உன் தங்கச்சி தேவி அப்போது சின்னப் பிள்ளை, அவளும் ஆசையாகத் தின்றாள். அன்று அவள் முகம் எப்படி வீங்கியது, மூச்சு எப்படித் திணறியது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். பாகூர் ஆஸ்பத்திரியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உன் அப்பா அழுததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "இனிமே இந்த வூட்ல இறாலுக்கு ஓட்டு கிடையாது. மத்தது எதுக்கு வேணா கை தூக்கிக்கலாம்."

அதற்கப்புறம் நீ செய்த குறும்புதான் எனக்கு இப்போது முக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி எழுந்து நின்று, "அப்பா, இறாலுக்கு ஓட்டு கிடையாதுன்ற ரூல மாத்தறதுக்கு ஓட்டு போடலாமா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வக்கீல் ஆபீசில் நான் டைப் அடித்த எத்தனையோ பக்கங்களில் இருந்த சண்டையை அரை டிராயரோடு நின்று கேட்டுவிட்டாய். அப்பா யோசித்தார். உன்னைத் திட்டவில்லை. "போடலாம்டா. ஆனா தேவியும் கை தூக்கணும். அவ தூக்கலன்னா மத்த கையெல்லாம் செல்லாது" என்றார். தேவி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உன்னையே முறைத்தாள். அந்த ரூலைப் போட்டவர் அப்பா, அதனால் அதிகம் நஷ்டப்பட்டவரும் அப்பாதான். அந்த மனுஷனுக்கு இறால் என்றால் உயிர். தேவி கல்யாணமாகிப் போன பிறகும்கூட இந்த வீட்டில் இறால் சமைக்க அவர் விடவில்லை. அவள் திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வது என்பார்.

இப்போது தாங்கலுக்கு வருகிறேன். நீ வெளியூரிலேயே இருந்ததால் உனக்கு எல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஊருக்குக் கல்யாண மண்டபம் வேண்டும் என்பதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. உன் கல்யாணத்துக்கே வில்லியனூரில் மண்டபம் பிடித்து, ஊர் ஜனத்துக்கு வேன் ஏற்பாடு செய்து அல்லாடிக்கொண்டிருக்கிறேன். தணிகாசலம் சித்தப்பா பெண்ணின் கல்யாணம் தெருவில் ஷாமியானா போட்டு நடந்ததே, அன்று பெய்த மழையில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததை இன்றுவரை அவர் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார். அவர் நாட்டாமை ஆனதும் முதல் வேலையாக மண்டபம் என்றார். அது அவருடைய நல்ல மனசு. நம் கொம்யூன் பஞ்சாயத்துக்கு உள்ளாட்சித் தேர்தல் நடந்து எத்தனையோ வருஷமாகிறது. எங்கள் குறையைச் சொல்ல எங்களுக்கென்று ஒரு மெம்பர் கிடையாது. இருப்பது கோயில் வாசலில் கூடுகிற ஊர்க் கூட்டம் ஒன்றுதான். அதையும் நான் கேவலமாகப் பேச மாட்டேன். தெருவுக்குக் குழாய் வந்ததும், சாராயக் கடை நகர்ந்துபோனதும் அந்தக் கூட்டத்தால்தான்.

ஆனால் அவர்கள் மண்டபத்துக்காகத் தூர்க்க நினைத்த இடம் தாங்கல். பாகூர் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் வாய்க்காலில் வந்து அதில் நிற்கிறது. மேலண்டைக் கழனிக்காரர்கள் எல்லோருக்கும் ஆழமான போர் இருக்கிறது. தாங்கல் இருந்தால் என்ன, போனால் என்ன என்று இருக்க அவர்களுக்கு முடிகிறது. கடைசியில் இருக்கும் நம் கழனிக்கும், அதை ஒட்டிக் காலனிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருக்கிற துண்டு நிலங்களுக்கும் அந்தத் தண்ணீர்தான் பயிர். தாங்கல் காய்ந்த கோடையில் நம் போரில் வந்த தண்ணீரை நீ வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாயே. கடல் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. ஊரில் வேறு புறம்போக்கே இல்லையா என்றால் இருக்கிறது, களத்துமேட்டுக்குப் பக்கத்தில். அது காலனியை ஒட்டி இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் வாயே திறக்கவில்லை. ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்தக் கூட்டம் எப்படி நடந்தது என்பதைக் கேள். நம் ஊரில் கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவனுக்கு முழு வரி, கூட்டத்தில் ஒரு கை. உன் அப்பா தவறிய வருஷம், திருவிழா வரி கேட்க வந்த தணிகாசலம் சித்தப்பா, "அண்ணி, இனிமே உனக்கு அரை வரிதான்" என்றார். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! ஒண்டியாக இருக்கும் பொம்பளைக்குப் பாரம் வேண்டாம் என்று யாரோ ஒரு காலத்தில் இரக்கப்பட்டு வைத்த வழக்கம் அது. வரி பாதியாகும்போது கை முழுசாகவே போய்விடுகிறது என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. தாங்கலுக்காகக் கூட்டம் போட்ட அன்று நான் மற்றப் பொம்பளைகளோடு புங்கமரத்தடியில் நின்றேன். "எங்க கழனித் தண்ணிக்கு இன்னா வழி?" என்று அங்கிருந்தே சத்தம் போட்டேன். "பார்த்துக்கலாம் அண்ணி" என்றார் சித்தப்பா. எல்லாக் கைகளும் மேலே போயின. எதிர்ப்பு உண்டா என்று கேட்டார். ஒரு கைகூட இல்லை. ஏகமனதாக என்று முடித்துவிட்டார்கள். எப்படி இருக்கும் செந்தில்? தண்ணீரை இழக்கிறவர்களில் ஒருத்தருக்குக்கூட அங்கே கை கிடையாது. நான் அரைத் தலைக்கட்டு. காலனிக்காரர்கள் ஊர்க் கணக்கிலேயே இல்லை. அன்று ஏகமனதாகத் தேவிக்கு இறால் ஊட்டினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பழைய வக்கீல் ஆபீசுக்குப் போனேன். வயதான வக்கீல் இல்லை, அவர் மகன்தான் இப்போது பார்க்கிறார். கேஸ் போட்டார். சென்னை ஹைகோர்ட்டில் அது வந்த அன்று நானும் போய்ப் பின்னால் நின்றேன். இரண்டு நீதிபதிகள். நம் வாழ்க்கையையே புரட்டிப் போடுகிற விஷயம், ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. "ரெக்கார்டில் இது நீர்நிலையா இல்லையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றார் அரசாங்க வக்கீல். "பிறகு ஊர் தீர்மானம் போட்டால் அது மண்டபம் ஆகிவிடுமா?" என்றார் ஒருவர். கேஸ் முடியும்வரை தாங்கலில் மண் கொட்டத் தடை, அதன்மேல் இருக்கும் ஆக்கிரமிப்பை எல்லாம் எடுக்க வேண்டும். எனக்கு முதலில் சந்தோஷம். படி இறங்கும்போது பயம். முகம் தெரியாத இரண்டு பேர் சொன்ன ஒரு வார்த்தையில் ஊரே ஆசைப்பட்டது நின்றுபோகிறதே என்று. தணிகாசலம் சித்தப்பாவைப் பிடிக்கவில்லை என்றால் ஊர் அடுத்த வருஷம் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும். இந்த நீதிபதிகளைப் போட்டது யார், நாம் மாற்றுவது எப்படி? நீ கேட்டது நியாயமான கேள்விதான் என்று நான் சொன்னது இதனால்தான்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. தாங்கல் கரையில் ஆரோக்கியமேரி குடிசை போட்டிருக்கிறாளே, நம் கழனியில் நாற்று நடுகிறவள், சின்ன வயதில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள், அவள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லா ஆக்கிரமிப்பும் என்றால் அவள் வீடும்தான். கோர்ட்டுக்கு அவளைத் தெரியாது. அங்கே வந்து நின்றவர்களைத்தான் அவர்களுக்குத் தெரியும். ஊர்க் கூட்டத்தில் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கோர்ட்டுக்குப் போனேன், அங்கே மேரி கணக்கில் வரவில்லை. அவள் நம் வாசலில் வந்து நின்று கத்தினாள். "உன் தண்ணி உனக்கு வந்துச்சு. என் வூடு இன்னா ஆவும்? எனக்கு உன் கோர்ட்டும் வேணாம், உங்க ஊரும் வேணாம். மழைக்கு முன்ன ஒரு கூர வேணும்." மறுபடி வக்கீலிடம் ஓடினேன். மாற்று இடம் கொடுக்காமல் அவள் குடிசையில் கை வைக்கக் கூடாது என்று இப்போதைக்கு ஒரு உத்தரவு வாங்கியிருக்கிறோம். மேரி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடவுக்கு வந்தால் வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் கோபம் நியாயம் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

அப்படியிருந்தும் நான் ஏன் கோர்ட்டின் பக்கமே நிற்கிறேன் என்று கேட்பாய். அவர்கள் நம்மைவிட அறிவாளிகள் என்பதால் இல்லை. அவர்களும் தப்புச் செய்கிறார்கள், மேரி விஷயத்தில் செய்தார்கள். ஆனால் எதற்காக இப்படி முடிவு செய்தோம் என்று அவர்கள் எழுதியாக வேண்டும். அந்தக் காரணம் தப்பு என்று நான் மறுபடி போய் நிற்கலாம், ஒருத்தியாக நிற்கலாம், துணைக்கு ஒரு கைகூட வேண்டாம். மேரிக்காக அப்படித்தான் போய் நின்றேன். கூட்டத்தில் எண்ணி முடித்தால் முடிந்தது, காரணம் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. நான் ஒரு தேர்தலையும் விடாமல் ஓட்டுப் போடுகிறவள். அதிகம் பேர் கேட்கிறவர்தான் ஆள வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மண்டபம் வேண்டுமா என்பதற்குக் கை தூக்கட்டும். என்ன கலர் அடிக்கலாம் என்பதற்கும் தூக்கட்டும். ஒருத்தியின் வாயிலிருந்து தண்ணீரைப் பிடுங்கலாமா என்பதற்கு மற்றவர்கள் கை தூக்க முடியாது. அதைத் தடுக்க வீட்டில் உன் அப்பா இருந்தார். ஊரில் அப்படி யாரும் இல்லை. அதனால்தான் அவ்வளவு தூரம் போனேன்.

இனி நீ பயப்படுகிற விஷயம். கேஸை எடுக்காவிட்டால் என்னை ஊரிலிருந்து தள்ளிவைப்பதா என்று முடிவு செய்யக் கூட்டம் போடப்போகிறார்கள். முதலில் இந்த மாதமே என்றுதான் இருந்தது. தணிகாசலம் சித்தப்பாதான், "அந்தப் புள்ள கல்யாணம் முடியட்டும்" என்று பிடிவாதமாக நின்று, கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போட்டார். இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ புளியமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட அன்று தன் டிவிஎஸ் வண்டியில் உன்னை ஜிப்மருக்கு வாரிக்கொண்டு போனவர் அவர். அவர் மேல் எனக்குப் பகை கிடையாது. உனக்கும் இருக்கக் கூடாது.

நேற்று பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை, பழம். "குந்து அண்ணி" என்றார். நான் உட்காராமலே தட்டை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. "கேச எட்துக்கறன்னு ஒரு வார்த்த சொல்லு அண்ணி. நானே முன்ன நின்னு நடத்தறன். எங்கண்ணன் புள்ள கல்யாணம் அது" என்றார். கண் கலங்கியிருந்தது. "எடுக்க முடியாது தம்பி. ஆனா பத்திரிகைய வாங்கிக்க. கேசு வேற, கல்யாணம் வேற" என்றேன். "எனக்கும் தெரியுது. நாட்டாம நான் வந்தா ஊரே வந்த மாதிரி ஆயிடும். கூட்டத்த தள்ளிப் போட்டன். அதுக்கு மேல இன்னா பண்ணச் சொல்ற?" என்று எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். தட்டு என் கையிலேயே இருந்தது. அப்போது சரோஜா சித்தி அடுப்படியிலிருந்து வந்தாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள், தட்டை வாங்கிக்கொண்டாள். "எங்க மாப்ள வூட்டுக்காரங்க மழையில ஓடனத நானும்தான் பார்த்தன். எனக்கும் மண்டபம் வேணும்க்கா. அதுக்காக உன் புள்ளக்கி அட்சத போடாம இருப்பனா?" என்றாள்.

அப்புறம் வீடு வீடாகப் போனேன். ஆம்பளைகள் பாதிப் பேர் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள், மீதிப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ வேலை இருப்பதுபோலக் கிளம்பினார்கள். தட்டை வாங்கியது எல்லா வீட்டிலும் பொம்பளைகள்தான். அவர்கள் எல்லோரும் என் பக்கம் என்று பெருமையடிக்க வரவில்லை. "இன்னாக்கா, மண்டபம் வந்தா நமக்குத்தானே நல்லது, இத்தப் போயி கெடுத்துட்டியே" என்று என்னைத் திட்டிக்கொண்டே வாங்கியவர்களும் உண்டு. "களத்துமேட்ல கட்டனா இன்னாவாம்?" என்று மெதுவாகக் கேட்டவர்களும் உண்டு. இத்தனை நாள் இவர்களில் ஒருத்தியிடம்கூட யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானே தோற்றிருக்கலாம். தோற்றாலும், ஊர் இதைத்தான் நினைக்கிறது என்று அப்போது சொல்லியிருக்கலாம். இப்போது யாராவது ஊர் சொல்கிறது என்றால், எந்த ஊர் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே உன் கல்யாணத்துக்கு ஊர் வருமா என்பதற்கு என் பதில்: வேன் வந்து நிற்கும், ஏறுகிறவர்கள் ஏறுவார்கள். பண்டசோழநல்லூர்ச் சம்பந்தி வீட்டில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பவித்ராவும் உடன் இருந்தாள். அந்தப் பெண்தான், "அத்த, அந்தக் கூட்டத்துக்கு நானும் வரலாமா?" என்று கேட்டாள். புங்கமரத்தடி வரைக்கும் வரலாம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கேஸை நான் வாபஸ் வாங்கமாட்டேன். வாங்கினால் தாங்கல் தடையும் போகும், மேரி குடிசைக்கு இருக்கும் பாதுகாப்பும் போகும். நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னது ரொம்பக் குறைவு. இந்தத் தடவை இல்லை என்றுதான் சொல்கிறேன், என் கண்ணே, மனசு வலிக்கத்தான் சொல்கிறேன்.

இதையும் யோசித்துப் பார். தாலி கட்டிய அன்றே நீ ஒரு தலைக்கட்டு. அந்தப் பெண் உன் வீட்டுக்கு வருவதால்தான் உனக்கு அந்தக் கை வருகிறது. வாங்கிக் கொடுத்தவளுக்கு அது கிடையாது. நாளைக்கே உனக்கு ஒன்று ஆனால், என் வாயால் அதைச் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன், அவளும் என்னைப் போல அரை வரி கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பாள். நல்ல மனசோடுதான் அவளையும் அங்கே நிற்கவைப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். புதுத் தலைக்கட்டு என்று சந்தனம் கொடுத்து முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். அது உனக்கு நியாயமாகக் கிடைக்கிற மரியாதை, கூச்சப்படாமல் வாங்கிக்கொள். அப்புறம் உன் அம்மாவைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்பார்கள். எல்லோரும் கை தூக்கும்போது உன் கையையும் பார்ப்பார்கள். தூக்காதே என்று நான் சொல்லமாட்டேன். அம்மா சொன்னாள் என்று இறங்கியிருக்கிற கையும் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நீயே முடிவு செய். எழுந்து ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றினால் கேள், அரை டிராயரில் கேட்ட மாதிரியே கேள். நானும் பவித்ராவும் மரத்தடியில் நிற்போம். என் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்காதே, என் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கவும் செய்யாதே.

தள்ளிவைப்பது சட்டப்படி செல்லாது என்று வக்கீல் சொல்கிறார். இருக்கட்டும். செல்லாது என்று தெரிந்தாலும் பால்காரர் நம் வாசலில் நிற்காமல்தான் போவார். மறுநாள் என்ன நடக்கும் என்று நானும் மனசில் படம் போட்டுப் பார்த்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் வாழ்ந்த தெருவில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் போனால் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சமையல் உண்டு. தேவியும் வருகிறாள், அதனால் இறால் இல்லை. மீன்காரம்மாவிடம் வஞ்சிரம் சொல்லிவைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பவித்ராவை அழைத்துக்கொண்டு சாப்பிட வா. நீ கை தூக்கியிருந்தாலும் வா, தூக்காவிட்டாலும் வா, உனக்கு இலை போட்டிருக்கும். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு வா. ஊர் என்னைத் தள்ளிவைத்தால், என் வீட்டில் கை நனைக்கிறவர்களுக்கும் அதே தண்டனைதான்.

உன் அம்மா